பிரெடரிக் பிரோபெல்: குழந்தைத் தோட்டம் கண்டவர்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்னும் சொற்கள் இன்று தமிழ் நாட்டில் பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத தாய்மாருக்குங்கூடப் பழகிப் போனவை. அவற்றின் கடைசி இரண்டு எழுத்துக்களும் கிண்டர்கார்ட்டன் என்ற ஜெர்மன் சொல்லின் குறுக்கம். அச்சொல்லுக்குக் குழந்தைத் தோட்டம் என்று பொருள். அதைப் படைத்தவர் பிரெடரிக் பிரோபெல் என்ற உபாத்தியாயர். அவருடைய குழந்தைத் தோட்டங்கள் தன் எல்லைக்குள் இருக்கவே கூடாதென்று ஒரு வல்லரசு உத்தரவு பிறப்பித்தது என்ற செய்தி நம்மில் சிலருக்கே தெரிந்திருக்கும். பச்சிளங் குழந்தைகள் பந்து உருட்டிப் பாட்டுப் பாடும் இடத்தைக் கண்டு ஒரு சர்க்கார் அஞ்சியது ஏன்? இதற்கு விடை காண விரும்புவோர் அவருடைய சரித்திரத்தை, அவர் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே படித்தல் வேண்டும்.

தாயற்ற சிசு

ஜெர்மனியின் நடுவே காடடர்ந்த துரிங்கிய மலைப் பிரதேசத்தில், ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில், 1782-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 21-ந் தேதி பிரோபெல் பிறந்தார். ஜெர்மனி அக்காலத்தில் ஒரே தேசமாக இருக்கவில்லை. பற்பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. தந்தை லூதரன் சபையைச் சேர்ந்த பாதிரியார். சுற்றுப்புறத்துக் கிராமங்கள் பலவற்றின் ஆன்ம பரிபாலனம் அவர் ஒருவர் தலையிலேயே சுமந்தது. ஊராருக்கெல்லாம் ஆறுதல் சொல்லும் அவருக்குத் தம் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் இருக்கவில்லை.

குழந்தை பிறந்து ஒன்பது மாதம் கழிந்தது. 1783-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தாய் காலமானாள். முகத்தை முகமாக அறிந்து சிரிக்கவும், தாயின் குரல் கேட்டுத் திரும்பவும் கற்றுக்கொண்ட பருவத்தில், அந்த முகமும் குரலும் மறைந்தன. பிறகு அக்குழந்தை வேலைக்காரிகள் கையிலும், தானே குழந்தைகளாக இருந்த அண்ணன்மார் கையிலும் மாறி மாறி வளர்ந்தது. பசிக்கு உணவு கிடைத்தது. உடுக்க உடை கிடைத்தது. இன்னார் நமக்கு உரியவர், அழுதால் இவர் வருவார் என்று நம்பியிருக்க ஒருவர் கிடைக்கவில்லை.

வீடோ இருள் சூழ்ந்தது. ஒரு புறம் மாதாகோயில்; மற்றப் புறங்களில் சுவர்களும் வேலிகளும். முற்றத்துக்கு அப்பால் போகக் கூடாதென்பது கட்டளை. தலைக்கு மேல் தெரிந்த வானத் துண்டு ஒன்றே அச்சிறுவனுக்கு வெளியுலகமாக இருந்தது.

அவருக்கு ஏறக்குறைய நான்கு வயதாகும்போது தந்தை மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னை முதலில் அன்பாகவே இருந்தாள். பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டது போலச் சிறுவன் அவளிடம் ஒட்டிக்கொண்டான். ஆனால் அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறந்ததும் நிலைமை மாறிற்று. ஜெர்மன் வீடுகளில் பெற்றோர் மக்களை நீ என்று அழைப்பதே இயல்பு. இவளோ எதிரில் நிற்கும் சிறுவனை நீ என்று விளிப்பதை விட்டு, அவன் என்று அயலானைப் போலப் படர்க்கையில் பேசத் தலைப்பட்டாள். சொல் ஒன்றுதான் மாறியது. அந்த ஒன்றே ஒரு குழந்தையை வீட்டுக்குள்ளேயே நாடு கடத்துவதற்குப் போதுமாயிற்று. நாற்பத்தைந்து வயதளவில் மைனிங்கன் நாட்டுப் பிரபுவுக்குத் தம் வரலாற்றை எழுதியபோது, பிரோபெல் இந்தச் சொல் மாற்றத்தை மறவாமல் குறித்திருக்கிறார்.

அன்பற்ற இடத்தில் வளரும் குழந்தை மந்தமாகத் தோன்றுவது வழக்கம். மந்தன் என்று பெயரிட்டபின் அப்பெயருக்கு ஏற்றபடி நடப்பதும் வழக்கம். தந்தையே எழுத்துக் கற்பிக்க முயன்று, இவனுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டினார். ஊரில் சிறுவர் பள்ளிக்கு அனுப்பாமல் சிறுமியர் பள்ளியில் சேர்த்துவிட்டார். எப்போதேனும் வீட்டுக்கு வரும் தமையனார் கிறிஸ்டோப் ஒருவரே அச்சிறுவனுக்குப் பரிந்து பேசினவர். ஒரு முறை காட்டுக் கொட்டைச் செடியின் மிகச் சிறிய பூக்களை அவர் காட்டி விளக்கினார். தன்னை ஒரு பொருட்டாக மதித்து ஒருவர் உட்கார்ந்து ஒரு பூவைக் காட்டிய அந்த நிகழ்ச்சி, பிற்காலத்துப் பேராசிரியர்களின் பிரசங்கங்களைவிட ஆழமாக அவர் உள்ளத்தில் பதிந்தது.

மாமன் வீடு

1792-ல், பத்து வயதில், விடுதலை வந்தது. ஸ்டாட்டில்ம் என்ற ஊரில் சபை மேற்பார்வையாளராக இருந்த தாய்மாமன் ஹோப்மன், சிறுவனின் வாட்டத்தைக் கண்டு, தம்மிடம் விட்டுவிடும்படி தந்தையைக் கேட்டுக்கொண்டார். மனைவியையும் குழந்தையையும் இழந்தவர் அவர். அந்த வீட்டில் கண்டிப்புக்குப் பதில் நம்பிக்கை இருந்தது. உரிய வேளைக்கு வீடு திரும்பினால் போதும். மற்ற நேரத்தில் மலையிலும் ஆற்றங்கரையிலும் மனம் போல் திரியலாம். மந்தன் என்று தள்ளப்பட்டவன் நான்கு வருஷங்களில் வேறு பிள்ளையானான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றவளே வளர்க்காவிட்டால் பிள்ளை பாழ் என்பது பிரோபெலின் வாழ்க்கை காட்டும் பாடமன்று. அவரை மீட்டவர் ஒரு மாமன். அதற்கு முன் தாங்கியவர் ஒரு தமையன். குழந்தைக்கு வேண்டுவது, மாறாத அன்புடன் அதைக் கவனிக்கும் ஒரு மனிதர். அவர் யாராயினும் ஆகலாம். ஆனால் அவர் இருந்தே தீர வேண்டும்.

அலைந்த காலம்

பதினைந்து வயதில் பிரோபெல் வனத்துறை அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகப் போனார். 1799-ல் ஜெனா பல்கலைக்கழகம் சேர்ந்தார்; கடன் காரணமாக ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருந்து, படிப்பை முடிக்காமலே வெளியேறினார். 1802-ல் தந்தையும் காலமானார். நில அளவை, பண்ணைக் கணக்கு என்று பல உத்தியோகங்கள் பார்த்தபின், கட்டடச் சிற்பம் கற்பதற்காக 1805-ல் பிராங்க்பர்ட் நகரம் வந்தார். அங்கே ஒரு மாதிரிப் பள்ளியின் தலைவர் அவரை உபாத்தியாயராக அமர்த்திக்கொண்டார். வகுப்பில் குழந்தைகள் முன் நின்ற முதல் நாளே தாம் தேடித் திரிந்த தொழில் இதுதான் என்று உணர்ந்தார்.

1808 முதல் 1810 வரை ஸ்விட்ஜர்லாந்தில் இவர்டன் நகரில், கல்விச் சீர்திருத்தத் தந்தையான பெஸ்டலாஜியிடம் தங்கிப் பயின்றார். கல்வியின் வேர் தாயிடத்தில் இருக்கிறது என்ற உண்மையைப் பெஸ்டலாஜி அவருக்கு உணர்த்தினார். தாயின்றி வளர்ந்த சீடருக்கு அந்த உண்மை ஏட்டுக் கல்வியாக இருந்திருக்க முடியாது.

1813-ல் நெப்போலியனின் ஆதிக்கத்தை எதிர்த்து ஜெர்மானியர் எழுந்தபோது, பிரோபெல் லுட்சோ தொண்டர் படையில் சேர்ந்தார். நாட்டுக்கு ஆபத்து வந்தபோது ஒதுங்கி நின்றவன் அந்நாட்டுக் குழந்தைகளுக்கு எந்த முகத்துடன் பாடஞ் சொல்வது என்பது அவர் எண்ணம். அப்படையில்தான் லாங்கெத்தால், மிட்டன்டார்ப் என்ற இரு வாலிபர்களின் நட்பு அவருக்குக் கிட்டியது. யுத்தத்துக்குப் பின் பெர்லினில் கனிப்பொருட் காட்சிசாலையில் உதவியாளராக அமர்ந்து, படிகங்களை ஆராய்ந்தார். படிகம் உள்ளிருக்கும் நியதியால் தன் வடிவை அடைகிறது. வெளியிலிருந்து செதுக்கி எவரும் அதை உண்டாக்குவதில்லை. குழந்தையும் அப்படியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். எனினும் படிகமும் உரிய சூழ்நிலை இல்லையேல் கோணிப் போகும் என்பதை அவர் மறக்கவில்லை.

இதற்கிடையில், பூவைக் காட்டிய தமையன் கிறிஸ்டோப், 1813-ல் நோயுற்ற போர் வீரர்களிடமிருந்து தொற்றிய காய்ச்சலால் உயிர் துறந்தார். தந்தையை இழந்த தமையன் மக்களுக்காகப் பிரோபெல் உத்தியோகத்தை உதறிவிட்டு, 1816-ல் கிரீஸ்ஹைம் கிராமத்தில் ஐந்து பிள்ளைகளைக் கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். ஐவரும் அவர் சகோதரர்களின் மக்கள். அடுத்த வருஷம் பள்ளி கைல்ஹாவ் என்ற ஊருக்கு மாறிற்று. படை நண்பர்கள் இருவரும் வந்து தோள் கொடுத்தனர். 1826-ல் மனிதனின் கல்வி என்ற பெருநூலை அவர் வெளியிட்டார். பிரஷ்யா முதலிய அரசுகள் சுதந்திர எண்ணமுள்ள உபாத்தியாயர்களையெல்லாம் வேட்டையாடிய காலம் அது. கைல்ஹாவ் பள்ளியும் சந்தேகத்துக்குள்ளாயிற்று. சோதனைக்கு வந்த அதிகாரி பாராட்டியே எழுதினாராயினும், பயந்த பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டனர். பள்ளி தேய்ந்தது.

ஆறு பந்துகள்

1831-ல் பிரோபெல் மீண்டும் ஸ்விட்ஜர்லாந்து சென்றார். பர்க்டார்ப் நகரத்து அநாதாசிரமத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே பள்ளி வயதடையாத சிறு குழந்தைகளை நாள்தோறும் கவனித்தார். பள்ளிக்கு வருமுன்பே குழந்தையின் குணமும் அறிவும் பெரும்பாலும் வழி வகுத்துக்கொண்டு விடுகின்றன. ஆறு வயதில் தொடங்கும் உபாத்தியாயர் காலங் கடந்து வருகிறார் என்ற முடிவு அவருக்கு அங்கே உறுதிப்பட்டது.

மனைவியின் நோய் காரணமாக ஜெர்மனி திரும்பி, 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் புது வேலையைத் தொடங்கினார். வயது ஐம்பத்தைந்து, கையிலோ பணமில்லை. குழந்தைகளுக்கான விளையாட்டுக் கருவிகளைச் செய்து, அவற்றுக்குக் கொடைகள் என்று பெயரிட்டார். முதற் கொடை, ஆறு நிறங்களில் கம்பளி நூலால் பின்னிய ஆறு மிருதுவான பந்துகள். அடுத்தது மரத்தாலான உருண்டை, கன சதுரம், இரண்டுக்கும் இடையே உருளை. அதற்கடுத்தது எட்டுச் சிறு துண்டுகளாகப் பிரிந்து சேரும் ஒரு கன சதுரம்.

பந்து சிறு பொருள்தான். அதனைத் தாய் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதில் பிரோபெலின் நுண்ணறிவு விளங்குகிறது. நூலில் கட்டிய பந்தைக் குழந்தையின் கண்ணெதிரே தாய் மெல்ல ஆட்டுகிறாள், பற்றக் கொடுக்கிறாள், மெதுவாக இழுத்துக் கொள்கிறாள், மறைக்கிறாள், மீண்டும் காட்டுகிறாள். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல்லும் ஓர் இசையும் உடன் வருகின்றன. போனது திரும்பி வரும் என்ற நம்பிக்கையைக் குழந்தை இவ்வாறு கற்கிறது. போன தாய் திரும்பி வராத ஒரு வீட்டில் வளர்ந்தவர் கண்ட விளையாட்டு இது என்பதை நினைக்கும்போது மனம் உருகாமல் இராது.

அந்த ஸ்தாபனத்துக்குப் பெயர் அகப்படாமல் பல நாள் தவித்தார். 1840-ல் நண்பர்களுடன் மலைப்பாதையில் நடந்து வரும்போது குழந்தைத் தோட்டம் என்ற பெயர் சட்டென அவருக்குத் தோன்றிற்று. அவ்வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி அப்பெயரால் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. தோட்டக்காரன் செடியை இழுத்து நீட்டி வளர்ப்பதில்லை. மண்ணைப் பதப்படுத்துகிறான், நீர் விடுகிறான், வெயிலும் நிழலும் பார்க்கிறான். வளர்வது செடியின் தொழில்.

1844-ல் தாய்மாருக்கான பாட்டும் விளையாட்டும் அடங்கிய ஒரு நூலைப் படங்களுடன் வெளியிட்டார். மல்லாந்து கிடந்து காலுதைக்கும் சிசுவின் பாதங்களுக்குத் தாய் தன் கையை எதிர் கொடுப்பது. குழந்தையைச் சற்றே தூக்கி மெத்தைமேல் நழுவவிடுவது. விரல்களை மடக்கிக் கதை சொல்வது: இவையே அந்நூலின் பாடங்கள். எந்த நாட்டுத் தாயும் பாட்டியும் அறிந்த காரியங்களே இவை. நம் வீடுகளில் குழந்தையைச் சாய்த்தாடச் செய்வதும், கைவீசப் பழக்குவதும், நிலாக் காட்டிச் சோறூட்டுவதும் இவ்வினத்தவையே. இவற்றைப் பெண்களின் பொழுதுபோக்கென்று படித்தவர்கள் ஒதுக்கி வைத்தனர். இவையே மனித குலத்தின் முதற் கல்விச்சாலை என்று பிரோபெல் சொன்னார். அதோடு நிற்காமல், குழந்தை வளர்ப்பைப் பயிற்சியும் மதிப்பும் உள்ள ஓர் உயர்ந்த தொழிலாக்கிப் பெண்களிடம் ஒப்படைத்தார். பாமர ஜனங்கள் அவரைக் கிழட்டுக் கோமாளி என்று நகைத்தனர். குழந்தைகளோடு கைகோத்து அவர் வெளியில் குதித்தாடியதே அதற்குக் காரணம்.

விஞ்ஞானம் கண்டது

அவர் அநுபவத்தால் உணர்ந்ததைப் பின்வந்த விஞ்ஞானிகள் ஆராய்ச்சியால் கண்டனர். 1945-ல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற வைத்தியர் இரு இடங்களில் வளர்ந்த சிசுக்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று சுத்தமும் உணவும் குறைவற்ற அநாதைச் சிசு விடுதி. ஆனால் ஒரு தாதிக்குப் பல குழந்தைகள். மற்றொன்று பெண்கள் சிறைச்சாலையைச் சேர்ந்த குழந்தைக் கூடம். அங்கே கைதிகளாயினும் தாய்மாரே தம் மக்களைப் பேணினர். சிறைக் குழந்தைகள் நன்கு வளர்ந்தன. விடுதிக் குழந்தைகள் பேச்சிலும் நடையிலும் பின்தங்கின; இரண்டு வருஷங்களுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாண்டும் போயின. 1951-ல் ஜான் பௌல்பி என்ற ஆங்கில வைத்தியர் உலகச் சுகாதார ஸ்தாபனத்துக்கு அளித்த அறிக்கை, இளம் பிராயத்தில் நிலையான அன்பு கிட்டாமையின் விளைவுகளை உலகத்தார் முன் வைத்தது.

ருமேனியாவில் 1989-ல் சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தபோது, பெரும் விடுதிகளில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை உலகம் கண்டது. அந்நாட்டுத் தலைநகரில் 2000-க்குப் பின் நடந்த ஆராய்ச்சியில் 136 குழந்தைகள் இடம் பெற்றனர். அவர்களில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். இரண்டு வயதுக்கு முன் அவ்வாறு சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்கு தேறினர். மனித மூளை அளவில் பெரும் பகுதி வளர்வது முதல் மூன்று வயதுக்குள் என்பதும், குழந்தையின் குரலுக்குப் பெரியவர் பதில் குரல் கொடுக்குந்தோறும் அதன் நரம்புத் தொடர்புகள் வலுப்பெறுகின்றன என்பதும் இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மைகள்.

சர்க்காரின் அச்சம்

1848-ல் ஜெர்மனியெங்கும் புரட்சி எழுந்தது. பிராங்க்பர்ட்டில் கூடிய தேசியப் பார்லிமெண்டுக்கு மிட்டன்டார்ப் குழந்தைத் தோட்டங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி விண்ணப்பித்தார். புரட்சி நசுக்கப்பட்டது. அடக்குமுறை தலைவிரித்தாடிய அந்நாளில், 1851-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி, பிரஷ்ய சர்க்காரின் கல்வி மந்திரி ரௌமர் குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தார். அவை சமதர்மமும் நாஸ்திகமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. ஆனால் மந்திரி ஆதாரமாகக் காட்டிய பிரசுரத்தை எழுதியவர் வேறொருவர்; கார்ல் பிரோபெல் என்பது அவர் பெயர். அவருடைய சகோதரர் ஜூலியஸ், பிராங்க்பர்ட் பார்லிமெண்டின் அங்கத்தினர். வியன்னாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டு மன்னிக்கப்பட்ட புரட்சிக்காரர். அவ்விருவரும் தமையன் கிறிஸ்டோபின் மக்கள். எந்தப் பிள்ளைகளுக்காகப் பிரோபெல் தம் முதற் பள்ளியைத் தொடங்கினாரோ அவர்களில் இருவர்.

பெயர்க் குழப்பம் எடுத்துக் காட்டப்பட்டது. அரசருக்கும் விண்ணப்பம் போயிற்று. தடை நீங்கவில்லை. எனவே, தவறுதலாகப் பிறந்த உத்தரவு தவறுதலால் மட்டும் நிலைத்திருக்கவில்லை என்பது தெளிவு. அடித்தும் அதட்டியும் வளர்த்த பிள்ளை, அதிகாரத்தைக் கண்டதும் கைகட்டி நிற்கும். நம்பிக்கையூட்டி வளர்த்த பிள்ளை ஏன் என்று கேட்கும். இந்த வித்தியாசம் அடக்குமுறை சர்க்கார்களுக்கு நன்றாகத் தெரியும்.

தடை விழுந்து ஒரு வருஷம் ஆகுமுன், 1852-ம் வருஷம் ஜூன் மாதம் 21-ந் தேதி, மரியன்தால் என்ற இடத்தில் பிரோபெல் காலமானார். பெற்ற மக்கள் அவருக்கு இல்லை. ஸ்வைனா கிராமத்தில் அவர் சமாதி மீது கன சதுரம், உருளை, உருண்டை என்ற மூன்று வடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. 1860-ல் தடை நீக்கப்பட்டது. அதற்குள் புரட்சியில் நாடு துறந்தவர்களின் குடும்பத்துப் பெண்கள் அவர் கருத்தைக் கடல் கடந்து கொண்டுபோய்விட்டனர். அமெரிக்காவின் முதல் குழந்தைத் தோட்டத்தை 1856-ல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் தொடங்கிய மார்கரெத்தே ஷுர்ஸ், 1848 புரட்சி வீரர் ஒருவரின் மனைவி. 1876-ல் அது டோக்கியோவையும் எட்டியது. ஒரு சர்க்கார் விரட்டிய விதை உலகெங்கும் முளைத்தது.

நம் கடமை

நிற்க. நம் நாட்டில் அவர் பெயரிட்ட சொல் வந்து சேர்ந்திருக்கிறது; பொருள் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. பெரும்பாலான இடங்களில் எல்.கே.ஜி. என்றால், விரல் உறுதிப்படாத கையில் எழுதுகோலைத் திணிப்பதும், வீட்டுப்பாடமும், வாய் பொத்தி உட்காருவதுமேயாம். தோட்டம் என்ற பெயரால் செடிகளை வரிசையாக நிறுத்தி இழுத்து நீட்டுகிறோம்.

1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தியடிகள் ஜயந்தியன்று, இந்திய சர்க்கார் குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் அங்கன்வாடிகள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. ஏழைக் குழந்தைகளின் வயிற்றுக்கு அவை செய்த சேவை பெரிது. ஆனால் அங்கே பணிபுரியும் பெண்களுக்கு மத்திய சர்க்கார் கொடுப்பது சம்பளம் அன்று. மதிப்பூதியம் என்று அதற்குப் பெயர். உணவு, எடை, தடுப்பூசி, பதிவேடு எல்லாம் ஒருத்தி தலையில் ஏற்றியபின், குழந்தையை மடியில் வைத்துப் பேச அவளுக்கு நேரம் எங்கே? 2017-ல் திருத்திய சட்டம் மகப்பேற்று விடுமுறையை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும் விதித்தது. களையெடுக்கும் பெண்ணுக்கும் சித்தாள் வேலை செய்பவளுக்கும் அந்த 26 வாரத்தை யார் கொடுப்பது? மர நிழலில் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு, அழுகை கேட்டும் போக முடியாமல் செங்கல் சுமக்கும் தாய் அன்பில்லாதவள் அல்லள், நேரமில்லாதவள். அன்பைத் தாய்மார் தருவர். நேரத்தைத் தர வேண்டியது சமூகம்.

தேசத் தொண்டு என்றால் மேடையும் ஊர்வலமுமே என்று எண்ணும் நம் அன்பர்கள் இதைச் சிந்திப்பார்களாக. இன்று தொட்டிலில் அழும் குழந்தையே இருபது வருஷத்தில் ஓட்டுச் சாவடிக்கு வரும் பிரஜை. அவன் அஞ்சி நடப்பவனா, கேட்டு நடப்பவனா என்பது, அவனுடைய முதல் அழுகைக்கு யாரேனும் ஓடி வந்தார்களா என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆகவே, ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன் அங்கன்வாடியைத் தன் கோயிலைப் போலப் போற்றட்டும். அங்குள்ள பெண்ணுக்கு நியாயமான சம்பளமும் துணைக்கு ஓர் ஆளும் கேட்டு வாங்கட்டும். ஆண்மக்களும் வீட்டில் குழந்தையைத் தூக்கிப் பேசப் பழகட்டும். ஒன்பதாம் மாதத்தில் தாயை இழந்த ஒருவர் தம் ஆயுள் முழுவதையும் செலவிட்டு உலகத்துக்கு அறிவித்த உண்மைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.